ஷெனாண்டோவா விவசாயிகளின் நடுநிலை: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் எந்தப் பக்கமும் சேராமல் இருக்கப் பார்த்த விவசாயக் குடும்பங்களை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. போர் எங்களுடையதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு உழவைப் பார்த்தார்கள், 1864-இல் தீ வந்து அவர்களையும் விழுங்கியது என்பது அந்தப் பத்தியின் சாரம். அந்தக் காலத்துச் சட்டங்களையும் படை அறிக்கைகளையும் படித்துப் பாடம் நடத்திவரும் எங்களால் இதை அப்படியே ஏற்க முடியவில்லை. தீ வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த வீடுகளின் வாசலில் யாராவது ஒரு அதிகாரி நின்றுகொண்டுதான் இருந்தார். கதவைச் சாத்த அவர்களுக்கு ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

வாக்குச்சாவடியிலேயே இது தொடங்கிவிட்டது. வர்ஜீனியா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோவதா என்பதற்கான வாக்கெடுப்பு 1861 மே 23 அன்று நடந்தது. அன்றைய வர்ஜீனியாவில் ரகசிய வாக்கு கிடையாது. வாக்காளர் அதிகாரிகளின் எதிரே நின்று தன் முடிவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பெயருக்கு நேரே பதிவேட்டில் எழுதுவார். சுற்றிலும் ஊரார் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரிவினை வேண்டாம் என்றால் துரோகிப் பட்டம். வேண்டும் என்றால் மனச்சாட்சிக்கு விரோதம். போகாமல் இருந்துவிட்டால் பதிவேட்டில் பெயர் இல்லாததே ஒரு பதிலாகிவிடும். மிரட்டலுக்குப் பயந்து ‘வேண்டும்’ என்று சொல்லிவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்த ஒற்றைச் சொல் பத்தாண்டு கழித்து அவர்களை எப்படித் துரத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்து வந்தது கட்டாய ஆள்சேர்ப்பு. கட்டுரை இதைத் தொடவே இல்லை. 1862 ஏப்ரல் 16 அன்று, பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்கு அரசு கொண்டுவந்த சட்டம் 18 முதல் 35 வயது வரையிலான வெள்ளையின ஆண்களைப் படைக்கு இழுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்வரம்பு 45 ஆனது. 1864 பிப்ரவரி 17 முதல் 17 தொடங்கி 50 வரை. 1862 ஏப்ரலில் தந்தைக்கு 46, மகன்களுக்கு 30, 19, 15 என்று வயதுள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். முதல் சட்டத்தில் இரண்டு மகன்கள் அகப்படுகிறார்கள். செப்டம்பரில் தந்தை ஒரே ஒரு வயது வித்தியாசத்தில் தப்புகிறார். 1864-இல் கடைக்குட்டிக்கு 17, தந்தைக்கு 48. அந்த இருவரும் உள்மாநிலக் காவலுக்கான துணைப்படைக் கணக்கில் வந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்களில் ஒருவர்கூடச் சட்டப்படி வயலில் இருக்க முடியாது. இருபது அடிமைகளோ அதற்கு மேலோ வைத்திருந்த தோட்டத்துக்கு ஒரு வெள்ளையர் விலக்குப் பெறலாம் என்று 1862 அக்டோபர் சட்டம் சலுகை தந்தது. அடிமை வைத்திராத சிறு விவசாயிக்கு அந்த வழியும் இல்லை.

போரையே மறுத்த மெனோனைட், டங்கர் என்ற கிறிஸ்தவச் சபையினருக்கு விலக்கு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த விலக்கு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1862 மார்ச் 29 அன்று வர்ஜீனியா சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும் சபையைச் சேர்ந்த ஆண் ஒவ்வொருவரும் 500 டாலரும், தன் சொத்தின் வரி மதிப்பில் 2 சதவீதமும் கட்ட வேண்டும். 5,000 டாலர் மதிப்புள்ள பண்ணைக்காரருக்கு மொத்தம் 600 டாலர். அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும். கட்ட முடியாதவர் துப்பாக்கி தூக்காமல் வண்டியோட்டியாகவோ வேறு வேலையிலோ படைக்கு உழைக்க வேண்டும். படைக்கு வண்டி ஓட்டுவதும் போரில் கை வைப்பதுதான் என்று கருதியவர்களுக்கு இது விலக்கே ஆகாது. அக்டோபர் 11 அன்று தெற்கு அரசின் சட்டமும் குவேக்கர், டங்கர், நசரேனியர், மெனோனைட் ஆகிய நான்கு சபைகளின் பெயரைச் சொல்லி, 500 டாலர் அல்லது மாற்றாள் என்று வைத்தது.

இந்தச் சட்டத்துக்குள் ஒரு கண்ணி இருந்தது. அந்தச் சபைகளில் ‘முறைப்படி உறுப்பினராக’ இருப்பவருக்கே விலக்கு. மெனோனைட், டங்கர் சபைகளிலோ குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் தானே விரும்பிப் பெற்றுக்கொண்டால்தான் உறுப்பினர். பலர் திருமணத்தை ஒட்டித்தான் அதைப் பெற்றார்கள். ஆகவே எந்த 18, 19 வயதுப் பையனைக் காப்பாற்றத் தகப்பன் பணம் சேர்த்தாரோ, அவனே சட்டத்தின் கண்ணில் சபைக்காரன் இல்லை. இந்த நான்கு சபைகளில் எதிலும் சேராமல் போர் வேண்டாம் என்று மட்டும் நினைத்த லூத்தரன் விவசாயிக்கோ மெத்தடிஸ்ட் விவசாயிக்கோ இந்தக் கதவு தொடக்கத்திலிருந்தே மூடித்தான் இருந்தது. தனிக் குடும்பத்தின் நடுநிலையை எந்தச் சட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. சபையின் பெயருக்கு மட்டும் ஏதோ மதிப்பிருந்தது. ஏழை உறுப்பினர்களுக்கான அபராதத்தைச் சபையாரே கூட்டாகச் சேர்த்துக் கட்டினார்கள். கூட்டாகக் கட்ட முடிந்ததால்தான் அந்தச் சிலராவது வயலில் நின்றார்கள்.

சட்டம் நிறைவேறும்வரை காத்திராமல் மலை தாண்டி ஓடியவர்களும் இருந்தார்கள். 1862 மார்ச்சில் மேற்கு நோக்கிப் போன எழுபதுக்கும் மேற்பட்டோர் வழியில் பிடிபட்டு, தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார்கள். டங்கர் மூப்பர் ஜான் க்ளைனும் அந்த ஆண்டு பள்ளத்தாக்கிலுள்ள ஹாரிசன்பர்க் ஊரில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின் அவர் சபை வேலைக்காகவும் வைத்தியத்துக்காகவும் குதிரையேறிப் போர்முனை எல்லையைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார். 1864 ஜூன் 15 அன்று தன் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ளூர் ஆயுதக்காரர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். இரு பக்கத்தையும் ஒரேபோல் நேசித்தவர் என்று உங்கள் கட்டுரை அவரைக் குறிப்பிட்டிருக்கலாம். அவர் பெயரே அதில் இல்லாதது எங்களுக்கு மெய்யாகவே வருத்தம்.

சரி, ஆட்களை விட்டுவிடுவோம். பண்ணைக்கு வருவோம்.

ஒரு பண்ணை ஏன் ஒதுங்கி நிற்க முடியாது என்பதற்கு விடை குதிரைத் தீவனக் கணக்கில் இருக்கிறது. ஒன்றிய அரசின் படையான வடபடையின் அளவுப்படி ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு உலர்புல், 12 பவுண்டு தானியம். ஆயிரம் குதிரை கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு ஒரு நாளுக்கு 14,000 பவுண்டு புல், 12,000 பவுண்டு தானியம். மக்காச்சோளம் ஒரு புஷல் (அந்நாட்டுத் தானிய அளவை) 56 பவுண்டு என்றால் அது 214 புஷல். ஏக்கருக்கு 30 புஷல் விளைந்தது என்று வைத்துக்கொண்டால் ஏழு ஏக்கர் சோளம் ஒரே பகலில் தீர்ந்துபோகும். புல்லும் அதே அளவு நிலத்தை விழுங்கும். குதிரைகளின் வயிற்றுக் கணக்கு மட்டும்தான் இது. யானை புகுந்த வயலைப் போல, வாய்க்குப் போனதைவிடக் குளம்படியில் நாசமானது அதிகம். இந்தப் பள்ளத்தாக்கு தெற்கின் களஞ்சியம் என்று பெயர் வாங்கியது. அதன் நடுவே வின்செஸ்டரிலிருந்து ஸ்டாண்டன் வரை தொண்ணூறு மைலுக்கு மேல் கல் பாவிய நெடுஞ்சாலை ஓடியது. மழைக்காலத்திலும் பீரங்கி வண்டி போகக்கூடிய சாலை. அந்தச் சாலையோரத்தில் நிலம் வைத்திருந்தவருக்கு நான்கு வருடமும் இரு படைகளும் விருந்தாளிகள்.

வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதைகளிலும் ஓவியங்களிலும் அழகுக்காக வரும் அந்த வளைந்து வளைந்து போகும் மரத்தடி வேலிதான் பண்ணையின் உயிர்நாடி. ஆணி கிடையாது, கம்பி கிடையாது. பிளந்த தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி அடுக்கியது. ஒரு கண்ணி எட்டடி முன்னேறும், பத்துத் தடி உயரம் என்று வைத்தால் ஒரு மைலுக்கு 6,600 தடி. நாளுக்கு நூறு, நூற்றைம்பது தடி பிளப்பது தேர்ந்த ஒருவருடைய வேலை. முகாமிடும் சிப்பாய்க்கோ இதைவிடக் காய்ந்த விறகு எங்கும் கிடைக்காது. மேல் தடியை மட்டும் எடுக்கலாம் என்று அதிகாரிகள் உத்தரவு போட்டதாகப் பல நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. ஒருவர் எடுத்ததும் அடுத்தது மேல் தடியாகிவிடும். விடிவதற்குள் வேலி தரைமட்டம். வேலி போனால் மாடு சோளத்தில் இறங்கும், பன்றி கிழங்கைத் தோண்டும், பக்கத்துப் பண்ணையோடு வழக்கு வரும். எஞ்சிய குதிரையைக் கட்டிவைக்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அந்த ஆளும் இல்லை. வீடு தப்பியது என்று நிம்மதிப்பட்ட பல பண்ணைகள் வேலி போனதால்தான் பயிரிடுவதை விட்டன.

தெற்கு அரசு இதையெல்லாம் சட்டமாகவே எடுத்தது. 1863 மார்ச் 26 சட்டம் படைக்கு வேண்டியதை விலை நிர்ணயித்து எடுத்துக்கொள்ள வழிசெய்தது. ஏப்ரல் 24 சட்டம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது. வீட்டுச் செலவுக்கு 50 புஷல் கோதுமை அல்லது 100 புஷல் மக்காச்சோளம், 50 புஷல் உருளைக்கிழங்கு என்று கழித்துக்கொள்ளலாம். மீதியில் பத்தில் ஒன்று. 400 புஷல் கோதுமை அடித்தவர் 35 புஷல், அதாவது 2,100 பவுண்டு அளக்க வேண்டும். எட்டு மைலுக்குள் இருக்கும் கிடங்குக்குத் தன் வண்டியில் தானே கொண்டுபோய் இறக்க வேண்டும். பன்றி அறுத்தால் ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் அறுபது பவுண்டு உப்பிட்ட இறைச்சி என்று கணக்கிட்டு அதிலும் பத்தில் ஒன்று. உப்பிடுவதற்கு உப்பு எங்கே? வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலிருந்த சால்ட்வில் உப்புதான் அந்தப் பகுதிக்கெல்லாம். நூறு பவுண்டு இறைச்சிக்கு எட்டு, பத்துப் பவுண்டு உப்பு இல்லாவிட்டால் எலும்பை ஒட்டிய சதை முதலில் கெடும். புகையறையின் மண்தரையைத் தோண்டி, ஆண்டாண்டாகச் சொட்டிய உப்பை நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். கைக்கு வந்த பணமோ தெற்கின் காகிதப் பணம். 1864 தொடக்கத்தில் ஒரு தங்க டாலருக்கு இருபது காகித டாலர் என்ற அளவுக்கு அது சரிந்திருந்தது.

குதிரையை ஒளிப்பது பற்றியும் கட்டுரை ஒரு வரி எழுதியிருக்கிறது, அது எளிது என்பதுபோல. எளிதாக இருந்ததில்லை. மலையடிவாரப் பள்ளங்களில் கட்டி வைப்பார்கள். சாணம், குளம்புத்தடம், தண்ணீருக்குப் போய்வரும் பாதை என்று மூன்றும் காட்டிக்கொடுக்கும். படைக் குதிரைகளின் வாசம் பட்டால் தானே கனைக்கும். எல்லாவற்றையும்விட, ஒளித்த குதிரை உழாது. கோதுமை அறுவடை ஜூன் கடைசியில், விதைப்பு செப்டம்பர் கடைசியில். படைகள் நடமாடுவதும் அதே மாதங்களில்தான். கிழட்டுக் குதிரையும் கண் தெரியாத குதிரையும் மட்டும் லாயத்தில் நிற்கும். சில சமயம் படையினர் நல்ல குதிரையை அவிழ்த்துக்கொண்டு, நடந்து நடந்து சோர்ந்த தங்கள் குதிரையை விட்டுப்போவார்கள். மாற்றுக் குதிரையாவது கிடைத்ததே என்று அதை வைத்துக்கொண்டால் வேறு வம்பு. இடது தோளில் ‘யு.எஸ்.’ என்று சூடு போட்டிருக்கும். தென்படை வந்தால் எதிரிக்கு உதவியதற்கு அது அடையாளம். வடபடை திரும்பி வந்தால் அரசுச் சொத்து. இரண்டு பேரில் யார் வந்தாலும் அவிழ்த்துக்கொண்டு போகலாம்.

காகிதங்களுக்கும் இதே கதிதான். 1862 ஜூலை 18 அன்று வடபடைத் தளபதி ஜான் போப் பிறப்பித்த ஐந்தாம் எண் உத்தரவு, படை அந்தந்த நிலத்திலேயே உணவு தேடிக்கொள்ள வேண்டும் என்றது. எடுத்ததற்குப் பற்றுச்சீட்டு தரப்படும். ஆனால் போர் முடிந்தபின், சீட்டு தந்த நாளிலிருந்து விசுவாசமான குடிமகனாக இருந்ததை நிரூபித்தால்தான் பணம். ஏழாம் எண் உத்தரவு ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு மக்களைப் பெயர் சொல்லியே விளித்தது: ரயில்பாதையோ தந்திக்கம்பியோ சேதமானால் ஐந்து மைல் சுற்றளவில் உள்ளவர்கள் எல்லோரும் பொறுப்பு, திரண்டு வந்து பழுதுபார்க்க வேண்டும். பதினொன்றாம் எண் உத்தரவு, ஆண்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லைக்கு வெளியே அனுப்பப்படுவார்கள், எடுத்தபின் மீறினால் சுடப்படுவார்கள் என்றது. தெற்குக்கு உறுதிமொழி தந்துதான் விலக்கு வாங்கியிருக்கிறார் அந்த விவசாயி. வடக்குக்கும் இப்போது தர வேண்டும். வின்செஸ்டர் நகரம் எழுபது தடவைக்கு மேல் கைமாறியது என்று அங்கே சொல்வதுண்டு. வடபடை அதிகாரி தந்த பாதுகாப்புக் கடிதத்தை எந்த மணி நேரத்தில் வெளியே எடுப்பது, எந்த மணி நேரத்தில் அடுப்பில் போடுவது என்று தெரிந்துவைத்திருப்பதே ஒரு தனி வேலை. அடுப்பில் போட்டுவிட்டால் பின்னால் காட்டச் சான்று இருக்காது.

மதில் மேல் பூனை என்று இவர்களைச் சொல்வது இதனால்தான் எங்களுக்கு ஒப்பவில்லை. மதில் மேல் பூனைக்குக் குதிக்க இரண்டு பக்கம் இருக்கும். இவர்களுக்கு இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருந்தன.

இனி 1864. கட்டுரையின் தேதிகள் சரி. காரணம் விடுபட்டிருக்கிறது. பள்ளத்தாக்கில் ஒரு படை இனி உணவு தேட முடியாதபடி செய்ய வேண்டும் என்பது வடபடையின் தலைமைத் தளபதி கிராண்டின் கட்டளை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர் எழுதிய குறிப்பு கட்டடங்களைக் காப்பாற்றவே சொன்னது. ஆகஸ்ட் 26 கடிதம், போர் இன்னொரு வருடம் நீண்டால் பள்ளத்தாக்கு பாழ்நிலமாகவே இருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போய்விட்டது. செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 8 வரை பள்ளத்தாக்கில் வடபடைக்குத் தலைமை தாங்கிய ஷெரிடனின் குதிரைப்படை இரு மலைத்தொடர்களுக்கும் இடையே அகல விரிந்து, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே கொளுத்தியது. (உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் அம்புக்குறி தெற்கே போகிறது. ஷெனாண்டோவா ஆறு வடக்கே பாய்கிறது. அதனால் அங்கே பள்ளத்தாக்கில் ‘கீழே’ என்றால் வடக்கு. ஆங்கிலத்தைப் படித்து வரைந்தவர் இந்த இடத்தில் இடறியிருக்க வேண்டும்.) அக்டோபர் 7 அன்று உட்ஸ்டாக்கிலிருந்து ஷெரிடன் அனுப்பிய அறிக்கையில் கோதுமையும் புல்லும் கருவிகளும் நிரம்பிய 2,000-க்கு மேற்பட்ட களஞ்சியங்கள், 70-க்கு மேற்பட்ட மாவு ஆலைகள், ஓட்டிச்செல்லப்பட்ட 4,000-க்கு மேற்பட்ட கால்நடைகள், அறுத்துப் படைக்குப் பகிர்ந்த 3,000-க்குக் குறையாத ஆடுகள் என்று கணக்கு இருக்கிறது. போரையே ஆநிரை கவர்வதில் தொடங்கும் இலக்கண மரபு நம்முடையது. அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் உடனே புரியும்.

களஞ்சியம் என்றதும் தானியக் குதிர் போல ஒன்றை நினைத்துவிடக் கூடாது. சரிவில் பதித்துக் கட்டிய இரண்டடுக்குக் கட்டடம் அது. கீழே மாடும் குதிரையும், மேலே புல், கதிர், போரடிக்கும் களம், ஏர், பரம்பு, அறுவடை இயந்திரம், எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். மக்கார்மிக் தன் அறுவடை இயந்திரத்தை 1831-இல் இயக்கிக் காட்டியது இதே பள்ளத்தாக்கின் தென்பகுதியில்தான். ஆனால் 1847-க்குப் பிறகு தொழிற்சாலை சிகாகோவில். போர் தொடங்கியபின் உடைந்த வெட்டுக்கத்திக்கு மாற்று அங்கிருந்து எப்படி வரும்? ஆகவே எரிந்த இயந்திரத்துக்கு ஈடு இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது எரித்த பருவம். குளிர்காலக் கோதுமையைச் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் விதைப்பார்கள். முன்னதாக விதைத்தால் ஹெஸ்ஸியன் ஈ என்ற கோதுமைப் பூச்சி தாக்கும், பிந்தினால் பனிக்கு முன் வேர் பிடிக்காது. ஏக்கருக்கு ஒன்றரை புஷல் அளவு விதை வேண்டும். அந்த விதைக் கோதுமை களஞ்சியத்தில் இருந்தது. உழும் குதிரை லாயத்தில் இருந்தது. இரண்டும் விதைக்கிற அதே பதினைந்து நாளில் போயின. ஆக, 1864-இன் விளைச்சல் மட்டும் எரிந்ததாக எழுதினால் அது பாதிக் கணக்கு. 1865 ஜூன் அறுவடையும் அன்றே போய்விட்டது.

அக்டோபர் 3 மாலை டேட்டன் ஊருக்கு அருகே ஷெரிடனின் பொறியாளர் லெப்டினன்ட் ஜான் மெய்க்ஸ் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டவர்கள் தென்படையின் வேவுக்காரர்கள். ஊர்மக்கள் மறைந்திருந்து கொன்றதாக ஷெரிடனிடம் சொல்லப்பட்டது. ஐந்து மைல் சுற்றளவில் உள்ள வீடுகளை எல்லாம் எரிக்க உத்தரவு. அந்த ஐந்து மைல் வட்டத்துக்குள் நெருக்கமாகக் குடியிருந்தவர்கள் மெனோனைட்டுகளும் டங்கர்களும்தான், ஆயுதத்தையே தொடாதவர்கள். 116-வது ஒஹாயோ படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் தாமஸ் வைல்ட்ஸ் எழுதி மன்றாடியதால் டேட்டன் ஊர் தப்பியது. சுற்றியிருந்த பண்ணைவீடுகள் பலவற்றுக்கு அந்த மறு உத்தரவு போய்ச் சேரவில்லை. அக்டோபர் 7 அறிக்கையில் ஷெரிடன், ஹாரிசன்பர்க் வட்டாரத்திலிருந்து 400-க்கு மேற்பட்ட வண்டிகளில் அகதிகளை வடக்கே அனுப்பியதாகவும், அவர்களில் பெரும்பாலோர் டங்கர்கள், கட்டாய ஆள்சேர்ப்பில் அகப்பட்டிருந்தவர்கள் என்றும் எழுதுகிறார். தங்கள் களஞ்சியத்தை எரித்த படையின் பின்னாலேயே வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கட்டுரை இங்கே நிற்கிறது. நடுநிலைக்கான உண்மையான விசாரணை ஏழு ஆண்டு கழித்துத்தான் வந்தது. 1871 மார்ச் 3 சட்டம் தெற்குக் கோரிக்கை ஆணையம் என்ற மூவர் குழுவை அமைத்தது. பிரிந்த மாநிலங்களில் வசித்து வடக்குக்கு விசுவாசமாக இருந்தவர்கள், வடபடை எடுத்த பொருளுக்கு ஈடு கேட்கலாம். 1873 மார்ச் 3 வரை கெடு. வந்தவை 22,298 மனுக்கள், கேட்ட தொகை ஆறு கோடி டாலருக்கு மேல். கிடைத்தது 46 லட்சத்துச் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு மனுக்கள்கூட ஏற்கப்படவில்லை.

மனு எப்படிப் போகும் என்றால்: எடுத்த பொருளை ஒன்றொன்றாக அளவும் விலையும் போட்டு எழுத வேண்டும். குதிரைக்கு வயது, நிறம். வேலித்தடிக்கு எண்ணிக்கை. பிறகு உள்ளூர்ச் சிறப்பு ஆணையர் முன்னால் சாட்சிகளோடு வாக்குமூலம். 1874 வாக்கில் கேள்விகள் 80 வரை போயின. பிரிவினை வாக்கெடுப்பில் எப்படி வாக்களித்தீர்? நெருங்கிய உறவினர் தென்படையில் இருந்தாரா, அவருக்குக் குதிரையோ உடையோ பணமோ தந்தீரா? தெற்குக்குப் பிரமாணம் எடுத்தீரா? பொருளை இரவில் எடுத்தார்களா, மறைவாகவா? அதிகாரி உடனிருந்தாரா? ரசீது உண்டா? இரவில் எடுத்திருந்தால் அது திருட்டு, படைத்தேவை ஆகாது. மகன் படைக்குப் போகும்போது அம்மா ஒரு போர்வை கொடுத்தனுப்பியிருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை வடக்கின் பக்கம் மனம் இருந்தது என்று அண்டை வீட்டார் சாட்சி சொல்ல வேண்டும். ‘நான் எந்தப் பக்கமும் இல்லை’ என்ற பதிலுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. சபையார் தங்கள் போர்மறுப்பையும் அடிமை மறுப்பையும் சான்றாக வைத்தார்கள். 1861 மே மாதம் பயந்துபோய் வாய்விட்டுச் சொன்ன வாக்கு இங்கேதான் திரும்பி வந்தது. யார் மிரட்டினார்கள், என்ன சொன்னார்கள், யார் கேட்டார்கள் என்று பத்தாண்டு கழித்து நிறுவ வேண்டியிருந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. படையின் உபயோகத்துக்கு எடுத்த பொருளுக்கு மட்டுமே ஈடு. அழித்ததற்குக் கிடையாது. காலையில் களஞ்சியத்திலிருந்து அள்ளிக் குதிரைக்குப் போட்ட புல்லுக்கு மனு போடலாம். மத்தியானம் அதே களஞ்சியத்தோடு எரிந்த மிச்சப் புல்லுக்குப் போட முடியாது. அறுத்துத் தின்ற ஆட்டுக்கு உண்டு, எரிந்த ஆலைக்கு இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவர்கள் கணக்கைக் கேட்டவர்களோ மிஞ்சியதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கட்டுரை முழுக்கத் தவறவிட்ட இன்னொரு கூட்டம் உண்டு. ஹாரிசன்பர்க் அடங்கிய ராக்கிங்ஹாம் வட்டத்தில் 1860-இல் பத்தில் ஒருவர் அடிமை. அவர்களுக்கு நடுநிலை என்ற பேச்சே கிடையாது. அவர்களுடைய உழைப்பைக் கூலிக்கு எடுக்கும் பழக்கம் பண்ணைகளில் பரவலாக இருந்தது. கூலி போவது எஜமானுக்கு. அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்த மெனோனைட் சபைக்கும் இது நெருடலாகவே இருந்தது. 1864-இல் வர்ஜீனியா மாநாடு, எஜமானின் சம்மதத்தோடு கூலி அந்த அடிமையின் கைக்கே போனால் ஒழிய உறுப்பினர் யாரும் அடிமையைக் கூலிக்கு அமர்த்தக் கூடாது என்று முடிவெடுத்தது. பக்கத்துப் பண்ணையோடு வேலை மாற்றிக்கொள்ளும்போது மட்டும் அடிமைகளின் உழைப்பை ஏற்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்தது. அந்த விதிவிலக்கைப் படிக்கும்போது எங்களுக்கு மனம் கனக்கிறது. போரிலிருந்து விலகி நின்றவர்களால் போரின் காரணத்திலிருந்து முழுதாக விலக முடியவில்லை. பின்னால் அந்த ஆணையத்தின் முன் வெள்ளை விவசாயிகளுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தக் காலத்தை வைத்துத் தமிழில் எழுத முனைவோருக்கும் உங்கள் ஆசிரியர் குழுவுக்கும் பயன்படும் என்பதால் ஒரு தகவல். ஆணையத்தின் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஏற்கப்பட்ட மனுக்கள் 217-ஆம் தொகுதியில், தள்ளப்பட்டவை 233-ஆம் தொகுதியில். இரண்டையும் பார்க்க வேண்டும். ஏற்கப்பட்டவற்றை மட்டும் படித்தால் பள்ளத்தாக்கே வடக்கின் பக்கம் நின்றதுபோலத் தோன்றும். அடுத்த வார இணைப்பில் படத்தின் அம்புக்குறியையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அமெரிக்க வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்